வக்கீலம்மா பதில்கள்: நகை அப்புறம், கையெழுத்து இப்பவா?

கேள்வி: வக்கீலம்மா வணக்கம். கல்யாணமாகி 7 வருஷம், கடைசி ரெண்டு வருஷமா என் பொண்ணைக் கூட்டிக்கிட்டு எங்க அம்மா வீட்லதான் இருக்கேன். அவர் சிங்கப்பூர்ல வேலை பாக்கறார். சண்டை சச்சரவு எதுவும் இல்ல, பிரிஞ்சுடலாம்னு ரெண்டு பேருமா பேசி முடிவு பண்ணிட்டோம். அவங்க வீட்ல, எங்க வக்கீலே எல்லாத்தையும் பாத்துப்பாரு, நீ வந்து கையெழுத்து மட்டும் போடு, நகையும் அவர் பேர்ல இருக்கற 3 மா நிலமும் தீர்ப்பு வந்தப்புறம் தர்றோம்ங்கறாங்க. போடலாமா? எவ்வளவு நாள் ஆகும்? – மன்னார்குடி வாசகி

பதில்: இப்ப போடாதீங்கம்மா. அவங்க ஏமாத்துவாங்கன்னு நான் சொல்ல வரல, நல்லவங்களாவே இருக்கட்டும், ஆனா தீர்ப்பு வந்தப்புறம் தர்றோம்ங்கறது வாய் வார்த்தைதானே, மனுவுல அது எழுதப்படலேன்னா நாளைக்கு நீங்க எந்தக் கோர்ட்ல போய் நின்னாலும், மொதல்ல உங்க கையெழுத்தைத்தான் காட்டுவாங்க.

மொதல்ல சட்டம் என்ன சொல்லுதுன்னு பாத்துடுவோம். இந்து திருமணச் சட்டத்துல 13பின்னு ஒரு பிரிவு இருக்கு, 1976 திருத்தத்துல வந்தது, ரெண்டு பேரும் சம்மதிச்சு சேர்ந்து மனு போடறது. குறைஞ்சது ஒரு வருஷம் பிரிஞ்சு இருந்திருக்கணும், இனிமே சேர்ந்து வாழ முடியாதுன்னு ரெண்டு பேரும் சொல்லணும், அவ்வளவுதான், யார் மேல தப்புன்னு கோர்ட் கேக்காது. மனு போட்டு 6 மாசம் கழிச்சு, 18 மாசத்துக்குள்ள, திரும்ப வந்து அதே சம்மதத்தை ரெண்டு பேரும் சொன்னா தீர்ப்பு. அந்த 6 மாசத்தைக் கட்டாயம் காத்திருந்தே ஆகணும்னு இல்லன்னு 2017-ல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. மனு போடறப்பவே பிரிஞ்சு ஒன்றரை வருஷம் தாண்டியிருக்கணும், சமரசம் பேசிப் பாத்து ஒத்துவராம போயிருக்கணும், பணம் குழந்தை விஷயமெல்லாம் பேசித் தீர்ந்திருக்கணும், அப்படி இருந்தா தள்ளுபடி கேட்டு தனியா ஒரு மனு போடலாம், குடுக்கறதும் குடுக்காததும் ஜட்ஜ் முடிவு. உங்களுக்கு ரெண்டு வருஷம் ஆயிடுச்சு, அதனால கேட்டுப் பாக்கலாம். ஆனா கவனிங்க, அதுக்கும் எல்லாம் பேசித் தீர்ந்திருக்கணும், நகை அப்புறம் நிலம் அப்புறம்னா அது தீர்ந்த கணக்கா?

இன்னொண்ணு, கடைசி நாள் வரைக்கும் ரெண்டு பேர்ல யார் வேணா சம்மதத்தை வாபஸ் வாங்கலாம், 1991-லயே சுப்ரீம் கோர்ட் சொன்னது. அவங்க பயமும் அதுதான், எல்லாத்தையும் வாங்கிக்கிட்டு இந்தப் பொண்ணு மாட்டேன்னு சொல்லிட்டா என்ன பண்றதுன்னு. நியாயமான பயம்தான். அதனால இங்க நாங்க வழக்கமா பண்றது என்னன்னா, நகையும் சீர் சாமானும் மனு போடற அன்னிக்கே கைமாறிடும், பணம் இருந்தா பாதி மொத தடவை பாதி ரெண்டாவது தடவை, அதுவும் டிடியா ஜட்ஜ் முன்னாடியே, டிடி நம்பரோட பதிவாகற மாதிரி.

நகைன்னா சும்மா '40 பவுன் பெற்றுக்கொண்டேன்'னு எழுதிட்டுப் போயிடாதீங்க. ஆரம் ஒண்ணு, நெக்லஸ் ஒண்ணு, வளையல் எத்தனை, ஒவ்வொண்ணும் எத்தனை கிராம், அடகுல இருக்கா பேங்க் லாக்கர்ல இருக்கா, பித்தளை அண்டா குத்துவிளக்கு பீரோ கட்டில் வரைக்கும் பட்டியல் போட்டு ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டு மனுவோட சேருங்க. உங்க அப்பா அம்மா போட்ட நகை சட்டப்படி உங்க சொத்து, சீதனம், அதை அவங்க 'தர்றோம்'னு சொல்றதே தமாஷ்தான்.

நிலத்துக்கு வருவோம். 3 மான்னா ஏறக்குறைய ஒரு ஏக்கர், சின்ன விஷயமில்ல. வில்லங்கம் போட்டுப் பாருங்க, சிட்டா அடங்கல் வாங்குங்க, கூட்டுறவு சங்கத்துல பயிர்க்கடன் பாக்கி நிக்குதான்னு விசாரிங்க, குத்தகைக்கு யாராவது சாகுபடி பண்றாங்களான்னும் கேளுங்க, அதுதான் நம்ம ஜில்லாவுல பெரிய தலைவலி. அப்புறம் யாரும் சொல்லாத ஒரு விஷயம். புருஷன் பொண்டாட்டிக்கு எழுதிக் குடுக்கற செட்டில்மென்ட் பத்திரத்துக்கு குடும்பத்துக்குள்ளங்கற சலுகைக் கட்டணம் உண்டு, தீர்ப்பு வந்த மறுநாள் நீங்க அவருக்குக் குடும்பம் இல்ல, சலுகையும் போச்சு, செலவு எங்கயோ போயிடும். அதனால மொத மனுவுக்கும் ரெண்டாவது விசாரணைக்கும் நடுவுல பதிவு பண்றதா மனுவுலயே எழுதிடுங்க.

குழந்தை யார்கிட்ட, அப்பா எப்ப வந்து பாக்கலாம், லீவுல எத்தனை நாள், ஸ்கூல் ஃபீஸ் யாரு, எல்லாம் எழுதணும். 'குழந்தைக்கு இனி எந்தக் காலத்துலயும் ஜீவனாம்சம் கேக்க மாட்டேன்'னு ஒரு வரி சத்தமில்லாம நடுவுல உக்காந்திருக்கும், அடிச்சுடுங்க, அது குழந்தையோட உரிமை, விட்டுக்குடுக்க உங்களுக்கே அதிகாரம் இல்ல. கஸ்டடி தெளிவா இல்லேன்னா நாளைக்கு பாஸ்போர்ட் எடுக்கறப்பவும் அப்பா கையெழுத்துக்காக அலையணும்.

அவர் சிங்கப்பூர்ல இருக்கறதால, அங்க இந்திய ஹைகமிஷன்ல அட்டெஸ்ட் பண்ணி பவர் அனுப்பலாம், அந்தப் பத்திரம் ஊருக்கு வந்த 3 மாசத்துக்குள்ள இங்க முத்திரைத்தீர்வை கட்டணும். வீடியோ கான்ஃபரன்ஸ்ல ஆஜராகறது ஜட்ஜ் அனுமதிச்சா நடக்கும். என்னைக் கேட்டா அவர் எப்ப லீவுல வர்றார்னு தெரிஞ்சுக்கிட்டு அந்தத் தேதிக்கு மனு போடறது உத்தமம், ஜட்ஜ் நேர்ல பாத்து, யாராவது கட்டாயப்படுத்தினாங்களாம்மான்னு கேட்டு எழுதிக்கிட்டா பின்னாடி ஒரு பேச்சும் வராது.

கோர்ட்ல நடக்கறது ரொம்ப சாதாரணம், அதை நெனச்சு பயப்படாதீங்க. டவாலி பேரைக் கூப்பிடுவார், போய் நிக்கணும், கல்யாணப் பத்திரிகை, போட்டோ, ஆதார் எல்லாம் நம்பர் போட்டு குறியீடு பண்ணுவாங்க, நாலு கேள்வி, அவ்வளவுதான். காலைல பத்தரைக்கு வரச்சொல்லி மத்தியானம் மூணு மணிக்குக் கூப்பிடுவாங்க, சாப்பாடு கட்டிக்கிட்டுப் போங்க. கல்யாணத்தைப் பதிவு பண்ணலன்னாலும் பத்திரிகையும் போட்டோவும் போதும்.

அவங்க வக்கீலே போதுமான்னா, ஒரே வக்கீல் மனு தயார் பண்ணலாம், தப்பில்ல, ஆனா கையெழுத்துக்கு முன்னாடி உங்களுக்குன்னு ஒருத்தர் அதைப் படிக்கணும். ஃபீஸ் குடுக்க முடியலன்னா கோர்ட் வளாகத்துல இருக்கற சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்க, பொம்பளைங்களுக்கு வருமான வரம்பெல்லாம் பாக்காம இலவசமா வக்கீல் தருவாங்க, 15100-க்கு போன் பண்ணியும் கேக்கலாம்.

கேள்வி: மேடம், 6 வருஷம் முன்னாடி ஊர்ப் பஞ்சாயத்துல பெரியவங்க முன்னாடி 20 ரூபா பத்திரத்துல எழுதி அத்துவிட்டுட்டாங்க. நோட்டரி சீலும் இருக்கு. இப்ப எனக்கு வேற இடத்துல பொண்ணு பாத்திருக்காங்க, வர்ற தை மாசம் கல்யாணம். பத்திரம் செல்லும்தானே? – பாபநாசம் வாசகர்

பதில்: செல்லாது தம்பி. 20 ரூபா பத்திரம் இல்ல, 2000 ரூபா பத்திரத்துல எழுதினாலும் செல்லாது. நோட்டரி சீல் அடிச்சா நீங்க ரெண்டு பேரும்தான் கையெழுத்துப் போட்டீங்கன்னு அர்த்தம், கல்யாணம் முறிஞ்சுதுன்னு அர்த்தமில்ல. சில சமூகங்கள்ல பரம்பரையா வர்ற வழக்கப்படி அத்துவிடறதை சட்டம் ஒத்துக்குது, ஆனா அந்த வழக்கம் தொன்றுதொட்டு இருக்குன்னு கோர்ட்ல நிரூபிக்கற பாரம் உங்க தலைமேல, அதெல்லாம் லேசுல ஆகாது. இந்த நிலைமைல தாலி கட்டினா ரெண்டாவது கல்யாணம் செல்லாது, மொத சம்சாரம் புகார் குடுத்தா 7 வருஷம் வரைக்கும் ஜெயில், அந்தப் புதுப் பொண்ணு என்ன பாவம் பண்ணுச்சு?

நல்ல சேதி என்னன்னா, அந்தப் பத்திரம் உங்களுக்கு வேற விதத்துல உதவும், 6 வருஷமா பிரிஞ்சு இருக்கீங்கங்கறதுக்கு அது ஒரு சாட்சி. அந்தம்மாவும் சம்மதிச்சா ரெண்டு பேரும் சேர்ந்து 13பி மனு போடுங்க, 6 மாசத் தள்ளுபடியும் கேளுங்க. தை மாசத்தை மறந்துடுங்க. சத்திரத்துக்கு அட்வான்ஸ் குடுத்திருந்தா போய் தேதி மாத்தி வாங்குங்க, கையில சர்டிஃபைடு காப்பி வாங்கினப்புறம் பத்திரிகை அடிங்க.

கேள்வி: நாங்க கிறிஸ்தவங்க. சர்ச்ல கல்யாணத்தை ரத்து பண்ணிக் குடுத்துட்டாங்க, அப்புறமும் கோர்ட்டுக்குப் போகணுமா? – வேளாங்கண்ணி பக்கத்திலிருந்து ஒரு சகோதரி

பதில்: போகணும். சர்ச் குடுக்கறது சர்ச்சுக்குள்ள திரும்பக் கல்யாணம் பண்ண உதவும், சட்டத்துக்கு அது கணக்கில்ல. உங்களுக்கு 1869-ம் வருஷ விவாகரத்துச் சட்டம், 10ஏ பிரிவு, சம்மத மனுவுக்கு ரெண்டு வருஷம் பிரிஞ்சு இருக்கணும்னு எழுதியிருக்கு. மத்ததெல்லாம் மேல மன்னார்குடி பொண்ணுக்குச் சொன்னதேதான்.

கேள்வி: நாலு வருஷம் முன்னாடி என் பொண்ணு மகளிர் ஸ்டேஷன்ல குடுத்த 498ஏ கேஸ், புருஷன் வீட்டுக் கொடுமைக்கான கேஸ், நடக்குது. இப்ப சமாதானமா பிரியறோம். விவாகரத்து வந்தா அந்தக் கேஸ் தானா முடிஞ்சிடுமா? – திருவாரூர் வாசகர்

பதில்: தானா முடியாதுங்க. அது அரசாங்கம் நடத்தற கேஸ், ஹைகோர்ட்ல ரத்து மனு போட்டுத்தான் முடிக்கணும், உங்க பொண்ணும் ஆட்சேபணை இல்லன்னு பிரமாணப் பத்திரம் குடுக்கணும். தஞ்சாவூர்க்காரங்க இதுக்கு மதுரைக் கிளைக்குப் போவாங்க, திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை எல்லாம் மெட்ராஸுக்குத்தான் போகணும், கும்பகோணத்துல யாரோ மதுரைன்னு சொன்னாங்கன்னு அங்க போய் அலையாதீங்க. யாரு, எப்ப, யார் செலவுல ரத்து மனு போடறதுன்னு 13பி மனுவுலயே ஒரு பாரா எழுதிடுங்க. மாப்பிள்ளை வீட்ல கடைசித் தவணைப் பணத்தைப் பொண்ணு அந்தப் பிரமாணப் பத்திரத்துல கையெழுத்துப் போடற அன்னிக்குத் தர்றோம்னா, அது நியாயமான ஏற்பாடுதான், ஒத்துக்கலாம்.