பத்து மாத லேப்ரடாரை எந்த நிலை அஜிலிட்டி வகுப்பில் சேர்ப்பது?

கேள்வி: எங்கள் ஆண் லேப்ரடாருக்கு இப்போது பத்து மாதம், எடை 29 கிலோ. ஆறாவது மாதத்தில் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்தோம். அடிப்படைக் கட்டளைகளை நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டது. பயிற்சி நிலையத்தில் அஜிலிட்டி, அதாவது நாய் தடைகளை வேகமாகக் கடந்து ஓடும் விளையாட்டுக்கான வகுப்பு இரண்டு நிலைகளில் நடக்கிறது. முதல் நிலையில் உயரமான தடைகள் எதுவும் இல்லை; இரண்டாம் நிலையில் தாண்டும் கம்புகள், வீவ் போல் (வளைந்து வளைந்து ஓடுவதற்கான கம்பு வரிசை), ஏ-ஃபிரேம் (இருபுறமும் சரிந்த, ஏறி இறங்கும் பலகை) ஆகியவை உண்டு. நாய் துடிப்பாக இருப்பதால் நேரடியாக இரண்டாம் நிலையிலேயே சேர்க்கலாம் என்கிறார் பயிற்சியாளர். நெடுநேரம் ஓடி விளையாடினால் மறுநாள் காலை எழுந்ததும் சில அடிகள் லேசாக நொண்டுகிறது, பிறகு சரியாகிவிடுகிறது. எந்த வகுப்பைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: முதல் நிலையே பொருத்தமானது; அதையும் அந்த நொண்டலுக்கான காரணம் தெரிந்த பிறகே தொடங்குங்கள். கடிதத்தின் இறுதியில் நீங்கள் போகிற போக்கில் குறிப்பிட்டிருக்கும் அந்தச் செய்திதான் என்னை மிகவும் யோசிக்க வைக்கிறது.

ஓய்வுக்குப் பின் எழும்போது தோன்றி, சற்று நடந்ததும் மறைகிற நொண்டல், பெரும்பாலும் மூட்டு வலியின் இயல்பு. உடல் சூடேறியதும் மறைந்துவிடுவதாலேயே பலர் அதைக் களைப்பு என்று எண்ணி விட்டுவிடுகிறார்கள். வளரும் பருவத்து லேப்ரடாரில் முழங்கை மூட்டின் வளர்ச்சிக் குறைபாடு, இடுப்பு மூட்டு தளர்ந்து சரியாகப் பொருந்தாமல் இருப்பது, தோள் மூட்டின் குருத்தெலும்பு எலும்பாக மாறாமல் தடித்துப் பிளவுபடுவது ஆகிய மூன்றையும் கால்நடை மருத்துவர்களான நாங்கள் முதலில் தேடுவோம். நீண்ட எலும்புகளின் உள்ளே அழற்சி ஏற்பட்டு, இன்று ஒரு காலிலும் இன்னொரு நாள் வேறொரு காலிலும் நொண்ட வைத்து, வளர்ச்சி முடியும்போது தானே அடங்கிவிடுகிற ஒரு நோயும் இதே வயதில் வருகிறது. இவற்றை வெளித்தோற்றத்தால் மட்டும் பிரித்தறிய இயலாது. மூட்டுகளை அசைத்துப் பார்க்கும் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் தேவை. முழங்கைக் கோளாறு தொடக்க நிலையில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதும் உண்டு என்பதால், உங்கள் மருத்துவர் சிடி ஸ்கேன் எடுக்கச் சொன்னால் தயங்க வேண்டாம்.

மருத்துவரிடம் போவதற்கு முன், நாய் காலையில் எழுந்து நடப்பதைக் கைபேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மருத்துவமனைக்கு வந்த பரபரப்பில் நாய்கள் நொண்டலை மறந்து நடப்பதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே உயரும். இதைக் கவனித்துச் சொன்னால் பரிசோதனை எளிதாகும். அதுவரை மனிதர்களுக்கான வலி மாத்திரை எதையும் கொடுத்துவிடாதீர்கள். ஐபுப்ரோஃபென் நாயின் இரைப்பையில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

நொண்டலே இல்லாமல் இருந்திருந்தாலும் பத்து மாதத்தில் இரண்டாம் நிலையை நான் பரிந்துரைத்திருக்க மாட்டேன். கால் எலும்புகளின் முனைகளுக்கு அருகில் வளர்ச்சித் தட்டுகள் எனப்படும் மென்மையான குருத்தெலும்புப் பகுதிகள் இருக்கின்றன. எலும்பு நீள்வது இவற்றில்தான். இவை சிறிய இனங்களில் சுமார் எட்டு முதல் பத்து மாதங்களில் பெரும்பாலும் மூடிவிடும். லேப்ரடார் போன்ற பெரிய இனங்களில் 12 முதல் 14 மாதங்கள் வரை, சில வேளை அதற்கு மேலும் ஆகும். திறந்திருக்கும் தட்டு, அதைச் சுற்றியுள்ள எலும்பையும் தசைநாரையும்விட வலுக் குறைந்தது. அதில் அடிபட்டால் கால் வளைந்தோ, ஒன்று குட்டையாகவோ வளரக்கூடும். பாலின ஹார்மோன்களே இந்தத் தட்டுகளை மூடச் செய்கின்றன என்பதால், ஆறு மாதத்திலேயே கருத்தடை செய்யப்பட்ட உங்கள் நாய்க்கு அவை மூடுவதற்கு மேலும் காலம் பிடிக்கலாம். ஆகவே பிறந்த தேதியை மட்டும் வைத்து முடிவெடுக்காமல், நொண்டலுக்காக எடுக்கும் எக்ஸ்ரேயிலேயே வளர்ச்சித் தட்டுகளின் நிலையையும் பார்த்துச் சொல்லும்படி கேளுங்கள்.

போட்டி அமைப்புகளும் இதே காரணத்தால்தான் வயது வரம்பு வைத்திருக்கின்றன. பன்னாட்டு நாய்வளர்ப்புக் கூட்டமைப்பான எஃப்சிஐ 18 மாதமும், அமெரிக்கன் கென்னல் கிளப் 15 மாதமும் நிறைவடையாத நாய்களைப் போட்டியில் அனுமதிப்பதில்லை. போட்டிக்கே அனுமதியில்லாத வயதில், போட்டிக்கான கருவிகளில் திரும்பத் திரும்பப் பழக்குவதற்கு எந்த அவசரமும் இல்லை.

தடையைத் தாண்டி இறங்கும் ஒவ்வொரு முறையும் உடலின் முழு வேகமும் முன்னங்கால்களின் மணிக்கட்டிலும் முழங்கையிலும் தோளிலும் வந்து இறங்குகிறது. வீவ் போலில், 60 சென்டிமீட்டர் இடைவெளியில் நிற்கும் பன்னிரண்டு கம்புகளுக்கு நடுவே நாய் இடமும் வலமுமாக முதுகெலும்பை வளைத்துத் தோளைத் திருப்பிக்கொண்டே ஓட வேண்டும். ஏ-ஃபிரேமின் சரிவில் வேகமாக இறங்கும்போது மணிக்கட்டு அளவுக்கு மீறிப் பின்னோக்கி மடங்குகிறது. எலும்பு முதிர்ந்த நாய் இவற்றைத் தாங்கும். வளர்ந்துகொண்டிருக்கும் நாய்க்கு இவை பொருந்தா.

முதல் நிலை என்பதால் நாய்க்குச் சலிப்பு ஏற்படும் என்று பயிற்சியாளர் கருதியிருக்கலாம். என் கருத்து அதுவன்று. தரையில் கிடத்திய கம்புகளைக் கால் படாமல் கடப்பது, தாழ்வான ஆடும் பலகையில் அஞ்சாமல் நிற்பது, நேரான குழாய்க்குள் நுழைந்து வெளிவருவது, பின்னங்கால்களைத் தனியே நகர்த்தக் கற்பது, தொடக்கக் கோட்டில் பொறுமையாகக் காத்திருப்பது, மற்ற நாய்கள் ஓடும்போதும் அழைத்தவுடன் உங்களிடம் திரும்புவது ஆகிய இவையே இந்த விளையாட்டின் உண்மையான அடித்தளம். குறிப்பாகப் பின்னங்கால்களைப் பற்றிய உணர்வு இளம் நாய்களுக்கு மிகக் குறைவு. முன்னங்கால்கள் போகும் இடத்துக்குப் பின்னங்கால்களும் எப்படியோ வந்து சேர்கின்றன. இதைச் சீராக்காமல் உயரமான பலகையில் ஏற்றினால் விழுவதற்கே வாய்ப்பு அதிகம். விழுந்து அஞ்சிய நாயை மறுபடி ஏறச் செய்வது எளிதன்று.

வகுப்பில் சேரும்முன், தரை வழுக்காமல் இருக்கிறதா, கம்புகள் தட்டினால் உடனே விழும்படி வைக்கப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். கம்பின் உயரம் முன்னங்காலின் மணிக்கட்டைத் தாண்டக் கூடாது என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள். ஒரு முறைக்குச் சில நிமிடங்கள் பழக்கி, இடையே ஓய்வு கொடுப்பதே இந்த வயதுக்கு ஏற்றது.

எடையையும் கவனிக்க வேண்டும். விலா எலும்புகளை விரலால் எளிதாகத் தடவி உணர முடியவில்லையென்றால் உணவைக் குறைப்பது அவசியம். லேப்ரடார் நாய்களை வாழ்நாள் முழுவதும் பின்தொடர்ந்த ஆய்வொன்றில், உடன் வளர்ந்தவற்றைவிட 25 விழுக்காடு குறைவாக உணவு பெற்ற நாய்களுக்கு மூட்டுத் தேய்மானம் தாமதமாக வந்ததோடு ஆயுளும் நீண்டது.

பரிசோதனையில் மூட்டுகள் நலமாக இருந்து, நொண்டல் முற்றிலும் நின்று, வளர்ச்சித் தட்டுகள் மூடிவிட்டன என்று எக்ஸ்ரே காட்டினால், முதல் நிலையை முடித்த பிறகு தாராளமாக இரண்டாம் நிலைக்குப் போகலாம். அங்கும் கம்பின் உயரத்தைச் சில வாரங்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகவே கூட்டுங்கள். முழங்கையிலோ இடுப்பிலோ குறைபாடு உறுதியானால், தாண்டுதல் இல்லாத பயிற்சிகளையும், மூட்டுக்கு இதமான நீச்சலையும் எந்த அளவில் தொடங்கலாம் என்று உங்கள் மருத்துவரே வகுத்துத் தருவார்.