டபுள் மார்க்கரா, என்.ஐ.பி.டி.யா? ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள அக்கா,

மண்டபத்திலிருந்து எழுதுகிறேன். மனைவிக்கு 26 வயது, முதல் பிள்ளை. என் அத்தை மகள்தான். கணக்குப்படி இன்று 10 வாரம் 5 நாள். ராமநாதபுரத்தில் பார்க்கும் டாக்டரம்மா, பிள்ளைக்கு டவுன் சிண்ட்ரோம் போன்ற குறை இருக்குமா என்று பார்க்க, என்.டி. ஸ்கேனும் (பிள்ளையின் பிடரியில் உள்ள நீரை அளப்பது) டபுள் மார்க்கரும் (ரத்தப் பரிசோதனை) எழுதிக் கொடுத்தார். ரத்தம் எடுக்கிற லேபில், "அதெல்லாம் பழசு, என்.ஐ.பி.டி. எடுங்க, 99 சதவீதம் சரியா இருக்கும்" என்று 14,000 ரூபாய் சொல்கிறார்கள்; அது தாயின் ரத்தத்திலேயே டி.என்.ஏ.வைப் பார்ப்பதாம். மீன்பிடித் தடைக்காலம், படகு கரையில் நிற்கிறது. சொந்தத்தில் கட்டியதால் பெரிய டெஸ்டையே எடு என்கிறான் கூட்டாளி. அம்மாவோ, "நம்ம வகையில யாருக்கும் அப்படிப் பிள்ளை பொறந்ததில்ல, வயித்துல ஊசி போட்டுக் கலைச்சுராதீங்க" என்கிறார். எதை எடுப்பது?

எஸ்., மண்டபம்

அன்புள்ள தம்பி,

டாக்டரம்மா எழுதியதையே எடுங்கள். 14,000 ரூபாயை இப்போதைக்குக் கையில் வைத்திருங்கள்; தேவைப்பட்டால் இரண்டு வாரம் கழித்துச் செலவழிக்கலாம்.

முதலில் கூட்டாளி சொன்னதைப் பார்த்துவிடுவோம். இந்த டெஸ்ட்கள் முக்கியமாகத் தேடுவது டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருந்து அறிவு வளர்ச்சி தாமதமாவது) போன்ற குரோமோசோம் எண்ணிக்கைக் கோளாறுகளை. அவை பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போது நேரும் பிசகு. தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு ஏறும்: 25 வயதில் ஏறக்குறைய 1,300 பிரசவத்தில் ஒன்று, 35-இல் 350-இல் ஒன்று, 40-இல் 100-இல் ஒன்று. அத்தை மகளைக் கட்டியதால் இது கூடாது. பரம்பரையில் இல்லை என்பதால் குறையவும் செய்யாது. அம்மாவிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள்.

சொந்தத்தில் கட்டினால் கூடுவது வேறு: இருவரும் ஒரே பழுதான மரபணுவைச் சுமக்கிற வாய்ப்பு. பொதுவாகப் பிள்ளைகளில் 2 முதல் 3 சதவீதத்துக்குப் பிறவிக் குறை இருக்கும் என்றால், அத்தை, மாமன் பிள்ளைகளுக்குள் கட்டும்போது அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். அந்தப் பழுதுகளைச் சாதாரண என்.ஐ.பி.டி. பார்ப்பதே இல்லை. அதற்கு நீங்கள் செய்ய வேண்டியது, இரண்டு வீட்டிலும் உட்கார்ந்து விசாரிப்பது. பிறவியிலேயே காது கேட்காதவர், சிறு வயதில் காரணம் தெரியாமல் இறந்த பிள்ளை, அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொண்டவர் யாராவது உண்டா? இருந்தால் ஸ்கேனுக்குப் போகும்போதே டாக்டரம்மாவிடம் சொல்லி மரபணு ஆலோசனை கேளுங்கள். யாரும் இல்லையென்றாலும் எச்.பி.எல்.சி. என்ற ஹீமோகுளோபின் பரிசோதனையை மனைவிக்கு எடுத்துவிடுங்கள். அதில் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோயைச் சுமப்பது தெரிந்தால் உங்களுக்கும் எடுக்க வேண்டும்.

இனி வாரக் கணக்கு. என்.டி. ஸ்கேனுக்கு 11 வாரம் முடிந்ததிலிருந்து 13 வாரம் 6 நாள் வரைதான் நேரம். குழந்தையின் நீளம் 45 முதல் 84 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். 12 வாரம் முடிந்த மூன்று நாளுக்குள் தேதி வாங்குங்கள். குழந்தை குப்புறக் கிடந்தாலோ தலையை அண்ணாந்து வைத்திருந்தாலோ பிடரி நீர் அளவு சரியாக வராது. கால் மணி நேரம் நடந்துவிட்டு வரச் சொல்வார்கள், சில நேரம் மறுநாள் வரச் சொல்வார்கள். கடைசி நாளுக்குத் தள்ளினால் அந்த மறுநாள் கிடைக்காது. டபுள் மார்க்கருக்கு ஸ்கேன் அன்றே ரத்தம் கொடுங்கள். வெறும் வயிறாக இருக்க வேண்டியதில்லை.

ரத்தத்தை மட்டும் கொடுத்து ஸ்கேனை விட்டுவிடாதீர்கள். ஸ்கேனும் ரத்தமும் வயதும் சேர்ந்தால் 100 டவுன் கர்ப்பங்களில் 85 முதல் 90 வரை பிடிபடும். ஸ்கேன் இல்லாத டபுள் மார்க்கரில் 60, 65தான். நம் பக்கத்தில் காசு வீணாவது அதிகமும் இந்த இடத்தில்தான். என்.ஐ.பி.டி. எடுப்பவரும் ஸ்கேனை விட முடியாது. மண்டையோடு உருவாகாததும் வயிற்றுச் சுவர் மூடாததும் இரட்டைப் பிள்ளையும் ஸ்கேனில்தான் தெரியும்.

டபுள் மார்க்கர் படிவத்தைக் கூட இருந்து நிரப்புங்கள். பிறந்த தேதி, அன்றைக்கு நிறுத்த எடை (எடை கூடினால் டபுள் மார்க்கர் ரத்தத்தில் அளக்கிற பேப்-ஏ, பீட்டா எச்.சி.ஜி. என்ற இரண்டு பொருட்களும் நீர்த்துத் தெரியும், அதற்கேற்பத் திருத்துவார்கள்), சர்க்கரை, ஸ்கேன் தேதி, குழந்தையின் நீளம், பிடரி நீர் அளவு எல்லாம் அதில் வேண்டும். நீளத்துக்கான கட்டத்தை வெறுமையாக விட்டு, மாதவிடாய்த் தேதியை மட்டும் எழுதினால் கணக்குக் கெடும். தீட்டு தள்ளிப் போகிற பெண்ணாக இருந்தால் உண்மையில் குழந்தை இளசு, ஆனால் கணக்கில் மூத்ததாகிவிடும். வாரம் ஏற ஏறப் பேப்-ஏ கூடும், பீட்டா எச்.சி.ஜி. குறையும். இளசு என்பதால் பேப்-ஏ குறைவாகவும் பீட்டா கூடுதலாகவும் தெரியும். அதுதான் டவுன் பிள்ளையின் சாயலும். வீணாக ஒரு பயம். நம் வீடுகளில் தலைக்குக் குளித்த நாளைத் தேதியாகச் சொல்வார்கள். அதில் மூன்று நான்கு நாள் எதிர்ப்பக்கம் பிசகி, பொய்யான நிம்மதி வரும். மருத்துவர் கேட்பது தீட்டு தொடங்கிய முதல் நாள்.

இன்னொன்று வெயில். முழு ரத்தம் சூட்டில் கிடந்தால் எச்.சி.ஜி. சிதைந்து தனி பீட்டா அளவு ஏறும். அதுவும் பயப் பக்கம்தான் தள்ளும். மே மாதத்தில் மண்டபத்தில் எடுத்த குழாய் சட்டைப் பையில் பஸ் ஏறக் கூடாது. "சீரம் பிரிச்சுக் குளிர்பெட்டியில அனுப்புறீங்களா?" என்று கேளுங்கள் (சீரம் என்பது ரத்தம் உறைந்த பின் மேலே நிற்கும் தெளிந்த நீர்). என்.ஐ.பி.டி.க்கு நேர்மாறு: அதற்கென்று உள்ள குழாயை ஐஸில் வைத்துவிடக் கூடாது.

ரிப்போர்ட்டில் 1:1,200 என்றும் 1:180 என்றும் வரும். எண் சிறிதானால்தான் ஆபத்து பெரிது. 1:180 என்றால் இதே முடிவு வந்த 180 பேரில் ஒருவருக்குத்தான் கோளாறு, 179 பேருக்கு இல்லை. வழக்கமாக 250-க்குக் கீழே வந்தால் அதிக ஆபத்து என்று அச்சடிப்பார்கள். நல்ல பிள்ளை சுமப்பவர்களிலேயே நூற்றுக்கு ஐந்து பேருக்கு இது வரும். பதறி இன்னொரு லேபில் அதே டபுள் மார்க்கரை எடுக்காதீர்கள். இரண்டு முடிவு முரண்பட்டால் எதையும் நம்ப முடியாமல் போகும்.

250-க்கும் 1,000-க்கும் நடுவில் வந்தால் அப்போது அந்த 14,000-ஐ என்.ஐ.பி.டி.க்குக் கொடுங்கள். தாயின் ரத்தத்தில் மிதக்கும் நஞ்சுக்கொடியின் டி.என்.ஏ.வைப் பார்க்கும் பரிசோதனை அது. 10 வாரம் முதல் எடுக்கலாம், பெரும்பாலும் ஒரு வாரம், பத்து நாளில் முடிவு. லேப்காரர் சொன்ன 99 சதவீதம் பொய்யில்லை, ஆனால் பாதிக் கதை. உங்கள் மனைவி வயதில் 10,000 பேர் எடுத்தால் அவர்களில் டவுன் இருப்பது பத்துப் பேருக்கு, கிட்டத்தட்ட எல்லாரும் பிடிபடுவார்கள். மற்றவர்களில் ஆயிரத்துக்கு ஒன்றுக்கும் குறைவாகப் பொய் எச்சரிக்கை வரும். அதுவே ஐந்து முதல் பத்துப் பேர். ஆக, 'பாசிட்டிவ்' வந்தவர்களில் மூன்றில் ஒருவர், ஏன் பாதிப் பேர்கூட, நல்ல பிள்ளை சுமப்பவர்கள். எனவே அதை வைத்துக் கர்ப்பத்தைக் கலைக்கக் கூடாது. தாய்க்கு எடை அதிகம் என்றால் குழந்தை டி.என்.ஏ. போதாமல் முடிவே வராமலும் போகலாம்.

250-க்குக் கீழே வந்தால் என்.ஐ.பி.டி.யா, வயிற்றில் ஊசி போட்டு நஞ்சுத் திசுவோ பனிக்குட நீரோ எடுக்கும் பரிசோதனையா என்று டாக்டரம்மாவோடு பேசி முடிவெடுங்கள். எண் 1:10, 1:20 என்று வந்தாலோ பிடரி நீர் 3.5 மில்லிமீட்டரைத் தாண்டினாலோ என்.ஐ.பி.டி.யில் நாளை விடாமல் நேரே ஊசிதான். அம்மா பயப்படுவது இதற்குத்தான். 14 வாரத்துக்குள் நஞ்சுத் திசு எடுக்கலாம். 16 வாரத்திலிருந்து பனிக்குட நீர், 15 முதல் 20 மில்லி, ஸ்கேனில் பார்த்தபடியே எடுப்பார்கள். கைதேர்ந்தவர் செய்தால் இதனால் கலைவது 200-இல் ஒன்றுக்கும் குறைவு. ராமநாதபுரத்தில் வசதி இல்லையென்றால் மதுரைக்கு எழுதித் தருவார்கள். மனைவி நெகட்டிவ் ரத்த வகை என்றால், குழந்தையின் ரத்த வகையோடு மோதல் வராமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியை நினைவூட்டுங்கள். அவசர முடிவு இரண்டு மூன்று நாளில், முழு குரோமோசோம் முடிவு இரண்டு மூன்று வாரத்தில். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவர் கருத்தே போதும் என்பதும், 24 தாண்டினால் மருத்துவக் குழு கூட வேண்டும் என்பதும் இந்த அவசரத்துக்குக் காரணம். எந்த முடிவு வந்தாலும் பிள்ளையை வளர்ப்போம் என்று இருவரும் தீர்மானித்திருந்தால் ஊசி வேண்டாம் என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

ஸ்கேனுக்கு ஆதாரும் ஏழாம் வார ஸ்கேன் இருந்தால் அதுவும் எடுத்துப் போங்கள். ஆணா பெண்ணா என்று கேட்காதீர்கள். கேட்பதும் சொல்வதும் 1994 சட்டப்படி குற்றம். டபுள் மார்க்கர் நல்லபடியாக வந்தாலும் 18, 20 வாரத்து ஸ்கேனை விடக் கூடாது. இதயமும் முதுகெலும்பும் அதில்தான் தெளிவாகத் தெரியும்.