தடங்களுக்கு நடுவே இருக்கும் கடலடி

கேள்வி: படகில் எக்கோ சவுண்டர் (ஒலியை அனுப்பி, எதிரொலி திரும்பும் நேரத்தை வைத்து ஆழம் அளக்கும் கருவி) வைத்துக் கடலடி ஆழம் அளந்தோம். படகு போன தடத்தின் மீது 2 மீட்டருக்கு ஓர் அளவு. தடங்களுக்கு நடுவே 200 மீட்டர் இடைவெளி. தூர எதிர்விகித முறையில் (அருகிலுள்ள அளவுக்கு அதிக எடை தந்து நடுவிலுள்ள ஆழத்தைக் கணிப்பது) 5 மீட்டர் கிரிட், அதாவது சதுரக் கட்டங்கள், போட்டால், படகு போன பாதையெல்லாம் வரிவரியாகத் தெரிகிறது. எந்த முறைக்கு மாறலாம்?

பதில்: முறையை மாற்றும் முன் புள்ளிகளைப் பாருங்கள். ஒரு திசையில் இருக்கும் அடர்த்தி குறுக்குத் திசையில் இருப்பதைவிட 100 மடங்கு. கணக்கு அருகிலுள்ள புள்ளிகளைத் தேடும்போது ஒரே தடத்தையே அள்ளிக்கொள்கிறது, பக்கத்துத் தடத்துக்கு இடமே கிடைப்பதில்லை. வரிகள் பெரும்பாலும் இதனால்தான்.

பெரும்பாலும் என்றேன், ஏனென்றால் அளவிலேயே பிழை இருக்கலாம். குறுக்குத் தடம் ஓட்டியிருந்தால், வெட்டும் இடங்களில் இரண்டு ஆழங்களையும் ஒப்பிடுங்கள். ஒரு தடம் முழுக்க 30 சென்டிமீட்டர் கூடுதலாகக் காட்டினால், அது ஓதத் திருத்தத்திலோ (கடல்மட்டம் ஏறி இறங்குவதைக் கழிப்பது) நீரில் ஒலி செல்லும் வேகத்திலோ நடந்த தவறு. அளக்காத இடத்தின் ஆழத்தைக் கணிக்கும் எந்த இன்டர்போலேஷனும் அதைச் சரிசெய்யாது.

அப்புறம், புள்ளிகளின் ஆயங்களை (அட்சரேகை, தீர்க்கரேகை) மீட்டருக்கு மாற்றிவிட்டு, 50 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஓர் இடைநிலை அளவை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் அளவு) மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சராசரி வேண்டாம், மீன் கூட்டத்தில் பட்டுவந்த ஓர் எதிரொலி அதை இழுத்துவிடும். இப்போது 100 மடங்கு வித்தியாசம் 4 மடங்காகிவிட்டது. கிரிட்டும் 50 மீட்டரே போதும். 5 மீட்டர் கட்டம் அழகாக இருக்கும், ஆனால் தடங்களுக்கு நடுவே அந்த நுணுக்கத்துக்கு ஆதாரம் எதுவும் இல்லை. குறுக்கே 400 மீட்டரைவிடக் குறுகிய அலைநீளமுள்ள மேடுபள்ளத்தை உங்கள் அளவீடு பிடிக்கவே முடியாது.

முறை என்று கேட்டால், நான் கிரிகிங்கைத்தான் சொல்வேன்: புள்ளிகளுக்கிடையே ஆழம் எப்படி மாறுகிறது என்பதைத் தரவிலிருந்தே கற்று, அதன்படி எடை தரும் முறை அது. பொதுவாகக் கரைக்கு இணையாகப் போகும்போது ஆழம் மெதுவாக மாறும், கரையிலிருந்து விலகும்போது வேகமாக மாறும். வேரியோகிராமை (தூரம் கூடக்கூட ஆழ வேறுபாடு எவ்வளவு கூடுகிறது என்று காட்டும் வரைபடம்) திசைவாரியாகப் போட்டால் இந்த வேறுபாடு கணக்கில் வந்துவிடும். தேடும் வட்டத்தை நான்காகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலிருந்தும் சில புள்ளிகள் மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். ஸ்ப்லைன் (புள்ளிகள் வழியே வழவழப்பான பரப்பை வளைத்துப் பொருத்தும் முறை) பிடிக்குமென்றால், பரப்பை இறுக்கிப் பிடிக்கும் இழுவிசை சேர்த்த வகையைப் பயன்படுத்துங்கள். ஜிஎம்டி (GMT) என்ற வரைபட மென்பொருளின் கையேடு செங்குத்தான நிலவடிவத்துக்கு 0.35 அளவு இழுவிசையைப் பரிந்துரைக்கிறது. இழுவிசையே இல்லாவிட்டால் தரவில் இல்லாத குழிகள் முளைக்கும்.

சோதிக்கும்போது பலர் 10 சதவீதப் புள்ளிகளை அங்கங்கே எடுத்து ஒதுக்குகிறார்கள். 2 மீட்டர் தள்ளி அண்டைப் புள்ளி இருக்கும்போது பிழை சிறியதாகத்தானே வரும்! ஒரு முழுத் தடத்தையே விலக்கிவிட்டு, மற்றவற்றைக் கொண்டு அதைக் கணித்துப் பாருங்கள். இடைவெளி 400 மீட்டராகிவிடுவதால் பிழை உண்மையைவிடச் சற்றுப் பெரிதாகத் தெரியும். பரவாயில்லை, ஏமாற்றாது. கிரிகிங் தரும் நிச்சயமின்மைப் படத்தையும் ஆழப் படத்தோடு சேர்த்தே கொடுங்கள். தரவிலிருந்து வெகுதூரம் போன கட்டங்களை வெறுமையாக விடுங்கள்.

இவ்வளவும் கடலடி வடிவத்தைப் புரிந்துகொள்ள மட்டும். கப்பல் போவதற்கான வரைபடம் என்றால் இடைநிலை அளவைத் தொடாதீர்கள்: கட்டத்தில் உறுதிசெய்யப்பட்ட மிகக் குறைந்த ஆழம்தான் நிற்க வேண்டும், ஏனென்றால் இடைநிலை அளவு தூக்கியெறியும் அந்த ஒற்றைப் புள்ளி பாறையாக இருக்கலாம்.