சுவரைக் கனமாக்குவதற்கு முன் தண்ணீருக்கு வழிவிடுங்கள்

கேள்வி: கோத்தகிரிக்கு அருகில் சரிவை வெட்டிக் கட்டிய வீடு எங்களுடையது. பின்புறம் பத்தடி உயரத்துக்குக் கருங்கல் தடுப்புச் சுவர் இருக்கிறது. போன ஐப்பசி மழையில் சுவரின் நடுப்பகுதி இரண்டு விரற்கடை அளவு வெளியே உப்பிவிட்டது. சுவருக்கு மேலே நாலைந்து அடி தள்ளி மண்ணில் நீளமாக ஒரு வெடிப்பும் தெரிகிறது. அதற்கும் மேலே உள்ள அரை ஏக்கரில் தேயிலையை எடுத்துவிட்டுக் கேரட் போட்டிருக்கிறோம். சுவரின் முன்பக்கம் அரை அடிக்குக் கான்கிரீட் போட்டுப் பூசிவிட்டால் போதும் என்கிறார் கொத்தனார். அடுத்த மழைக்கு முன் செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம். உங்கள் சுவரில் இப்போது கல் இடுக்குகள் வழியாகக் கொஞ்சமாவது தண்ணீர் கசிகிறது. முன்பக்கம் கான்கிரீட் போட்டுப் பூசினால் அந்த வழியும் அடைபடும். தடுப்புச் சுவராக இருந்தது, பின்னால் தண்ணீர் தேக்கும் அணையாக மாறிவிடும்.

கணக்கைப் பாருங்கள். பத்தடி, அதாவது 3 மீட்டர் உயரச் சுவருக்குப் பின்னால் உலர்ந்த மண் மட்டும் இருந்தால், ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் ஏறத்தாழ 2.7 டன் விசை சுவரைத் தள்ளும். அதே மண்ணில் தண்ணீர் தலைவரை நிறைந்தால் தண்ணீரின் தள்ளுவிசை மட்டுமே 4.5 டன். மண்ணின் பங்கையும் சேர்த்தால் 6 டன்னை நெருங்கும். மண்ணுக்கு மட்டும் கணக்குப் போட்டுக் கட்டிய சுவர் இரண்டு மடங்குச் சுமையை எப்படித் தாங்கும்? சுவர் உப்பியதற்குப் பெரும்பாலும் கல்லோ சிமெண்டோ காரணமாக இருக்காது. தண்ணீர் வெளியேற வழியில்லாததே காரணமாக இருக்கும்.

நீலகிரியின் மண்ணையும் சேர்த்து யோசிக்க வேண்டும். மேலே செம்மண், அதன் கீழே பல அடி ஆழத்துக்கு மக்கிய பாறை, அதற்கும் கீழே கெட்டியான சார்னோகைட் பாறை. மழைநீர் செம்மண்ணில் வேகமாக இறங்கி, வழவழப்பான களிமண் அடுக்கிலோ பாறையின் மேலோ நின்றுவிடும். அங்கே நீரழுத்தம் ஏறினால் மண்துகள்களுக்கு இடையே உள்ள பிடிமானம் குறையும். சரிவு மொத்தமாக நகர்வது அப்போதுதான். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரி, கேத்திப் பகுதிகளில் 40 பேருக்கு மேல் உயிரிழந்த மண்சரிவுகளின்போது, கேத்தியில் ஒரே நாளில் 820 மி.மீ. மழை பதிவானது. ஊட்டியில் ஓராண்டு முழுவதும் பெய்வதே சுமார் 1,200 மி.மீ.தான். 2019 ஆகஸ்டில் மேற்குப் பக்கம் அவலாஞ்சியிலும் ஒரே நாளில் 800 மி.மீ.க்கு மேல் கொட்டியது. காற்று ஒரு டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரப்பதம் தாங்கும். அதனால் அடைமழை இன்னும் கனமாகவே வரும் என்று வைத்துத்தான் வடிகாலின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

இனி வேலைக்கு வருவோம். மேலிருந்து தொடங்குங்கள்.

அரை ஏக்கர் என்பது சுமார் 2,000 சதுர மீட்டர். மணிக்கு 60 மி.மீ. வேகத்தில் மழை அடித்து, அதில் அறுபது சதவீதம் மேலோடு வழிந்தால், நொடிக்கு 20 லிட்டர் கீழே வரும். நிறைகுடத்தைவிட அதிகமான தண்ணீர், ஒவ்வொரு நொடியும், உங்கள் வெடிப்பை நோக்கி வருகிறது. அதை வெடிப்புக்கு மேலேயே மறித்துப் பக்கவாட்டில் கொண்டுபோக ஒரு வாய்க்கால் வேண்டும். ஓரடி அகலம், ஓரடி ஆழம், 50 அடிக்கு ஓரடி இறக்கம் கொடுத்துக் கல் பதித்துக் கட்டினால் இதைப்போல ஐந்து மடங்குத் தண்ணீரைக்கூட அது கொண்டுபோகும். அவ்வளவு பெரிதாக எதற்கு என்று கேட்காதீர்கள். கேரட் காட்டு மண்ணும் இலைதழையும் சேர்ந்து ஒரே இரவில் பாதி வாய்க்காலை அடைத்துவிடும்.

வாய்க்காலை வெடிப்பிலிருந்து குறைந்தது பத்தடி மேலே தள்ளி வையுங்கள். அடியிலும் பக்கங்களிலும் கட்டாயம் பூச்சு இருக்க வேண்டும். பலர் தவறுவது இந்த இடத்தில்தான். வெறும் மண்ணில் தோண்டிய குழி, தண்ணீரை வெடிப்புக்கு ஊட்டும் வாய்போல வேலை செய்யும். தேயிலைத் தோட்டங்களில் சரிவுக்குக் குறுக்கே விட்டுவிட்டு வெட்டும் நீர்பிடிப்புக் குழிகள் மண்ணரிப்பைத் தடுக்க அருமையானவை. ஆனால் வெட்டிய சரிவுக்கு நேர் மேலே அவை கூடாது. சமவெளியில் சொல்லப்படும் மழைநீர் உறிஞ்சு குழியும் அப்படியே. உங்கள் சுவருக்கு மேலே செப்டிக் டேங்கோ குளியலறைத் தண்ணீர் விடும் குழியோ இருந்தால் அதையும் குழாய் போட்டு வேறு பக்கம் திருப்புங்கள். மழை இல்லாத மாதத்திலும் சுவர் ஈரமாக இருந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

வாய்க்கால் எங்கே போய் முடிகிறது என்பதைத் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். பக்கத்து வீட்டின் தலைமேலோ சாலையோரத்திலோ விட்டால் ஆபத்தை இடம் மாற்றியதாகவே ஆகும். இயற்கையான ஓடைவரை கொண்டுபோய், செங்குத்தான இடங்களில் ஓரடி உயரப் படிகளாக இறக்கி, விழும் இடத்தில் பெருங்கற்களை அடுக்குங்கள். அண்டை நிலத்துக்காரரிடம் மழைக்கு முன்பே பேசி, எழுத்தில் ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள்.

மண்ணில் உள்ள வெடிப்பை அப்படியே விடக்கூடாது. மேல்மண்ணைச் சுரண்டி எடுத்து, ஈரக்களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டு இடித்து நிரப்பி, மேலே சற்று மேடாக்கி, தார்ப்பாய் போட்டு ஓரங்களில் மணல் மூட்டை வையுங்கள். சிமெண்ட் கரைத்து ஊற்றாதீர்கள். மண் கொஞ்சம் அசைந்தாலும் சிமெண்ட் பிளந்துவிடும். களிமண்ணோ அசைவுக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும். வெடிப்பு பிறைபோல வளைந்து, இரு முனைகளும் கீழ்நோக்கிப் போனால், பெயர்ந்து வரப்போகும் மண்ணின் எல்லை அதுதான் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது சுவர். வெயில் காலத்தில், மண் காய்ந்த பிறகு மட்டுமே கைவையுங்கள். 3 அங்குல பிவிசி குழாய் நுழையும் அளவுக்குத் துளைகள் போட வேண்டும். கீழ் வரிசை தரையிலிருந்து ஓரடி உயரத்தில் இருக்கட்டும். துளைக்குத் துளை நாலடி இடைவெளி விட்டு, அடுத்த வரிசைத் துளைகள் கீழ் வரிசைத் துளைகளுக்கு நடுவே வருமாறு அமையுங்கள். துளை வெளிப்பக்கம் சற்றே சாய்ந்திருக்க வேண்டும். சுத்தியலும் பிரேக்கரும் உப்பிய சுவரைக் குலுக்கிவிடும். சுழன்று துளைக்கும் கோர் இயந்திரத்தால், சுவரின் ஓரங்களிலிருந்து தொடங்கி, உப்பிய நடுப்பகுதியைக் கடைசிக்கு விடுங்கள். குழாயின் உள்முனையை வடிகட்டித் துணியால் மூடுங்கள். மழையில் தெளிந்த தண்ணீர் வந்தால் நல்லது. கலங்கிய செந்நீர் வந்தால் பின்னால் உள்ள மண் கரைந்து வெளியேறுகிறது என்று பொருள். உடனே கவனிக்க வேண்டும்.

சுவரின் அடியைத் தோண்டாதீர்கள். வீட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஆழமாகச் சாக்கடை வெட்டினால், சுவரின் காலைப் பிடித்திருக்கும் மண்ணை நீங்களே எடுத்துவிடுகிறீர்கள். அங்கே ஆழமில்லாத, சிமெண்ட் பூசிய கால்வாய் போதும்.

உப்பலும் மேலே வெடிப்பும் சேர்ந்து இருப்பதால், மண்ணியல் தெரிந்த கட்டுமானப் பொறியாளர் ஒருவர் நேரில் பார்ப்பது அவசியம். சுவரைப் பிரித்துக் கட்டச் சொன்னால் தயங்காதீர்கள். புதிய சுவருக்குப் பின்னால் ஓரடி கனத்துக்கு ஒன்றரை அங்குல ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிகட்டித் துணி, அடியில் துளையிட்ட குழாய் மூன்றும் வேண்டும். செலவை மிச்சப்படுத்தக் கொத்தனார் வெட்டிய மண்ணையே திரும்பக் கொட்டுவார். அருகில் நின்று தடுத்துவிடுங்கள். மண் அள்ளும் இயந்திரம் கொண்டுவர நீலகிரியில் மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை என்பதையும் மறக்காதீர்கள்.

கேரட் விஷயத்தில் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். கிழங்கு அழுகாமல் இருக்க மேலிருந்து கீழாகப் பாத்தி பிடித்தால், ஒவ்வொரு பாத்தியும் ஒரு வாய்க்காலாகித் தண்ணீரை நேராக உங்கள் வீட்டுக்கு அனுப்பும். உட்பக்கம் சாய்ந்த படிமட்டங்கள் அமைத்து, மிகைநீரை ஓரத்து வடிகாலில் சேருங்கள். வேளாண் பொறியியல் துறையின் மண்வளப் பாதுகாப்புப் பிரிவில் இதற்கு ஆலோசனை கேட்கலாம். வெடிப்பை ஒட்டிய இருபது அடியை உழவிலிருந்து விட்டுவிட்டு, உறைபனி விழாத இடமென்றால் வெட்டிவேரை அரையடி இடைவெளியில் வரிசையாக நடுங்கள். குளிர் மிகுந்த இடமென்றால் எந்தப் புல் ஏற்றது என்று அந்தத் துறையிடமே கேளுங்கள். வேர் பிடிக்க ஒரு மழைக்காலமாவது ஆகும். ஆழத்தில் நகரும் சரிவைப் புல் நிறுத்தாது. சரிவின் விளிம்பில் உயர்ந்த கற்பூர மரம் (யூகலிப்டஸ்) நின்றால், காற்றில் நெம்புகோல்போல மண்ணைப் பெயர்க்கும். அனுமதி பெற்று வெட்டுங்கள். அடிக்கட்டையைத் தோண்டி எடுக்க வேண்டாம்.

வெடிப்பின் இருபுறமும் ஆணி அடித்த இரண்டு முளைகளை நட்டு, ஆணிகளுக்கு இடையே உள்ள தூரத்தை வாரம் ஒருமுறையும் மழை நாளில் காலை மாலையும் அளந்து தேதியோடு எழுதுங்கள். தூக்குக் குண்டு விட்டுச் சுவரின் உப்பலையும் அளங்கள். இரண்டு மூன்று நாள் விடாமல் பெய்து மண் ஊறியிருக்கும்போது ஆரஞ்சு எச்சரிக்கை, அதாவது ஒரே நாளில் 115 மி.மீ.க்கு மேல் மழை வரும் என்ற அறிவிப்பு வந்தால், இருட்டும் முன் குடும்பத்தோடு வேறிடம் போய்விடுங்கள். ஆணிகளின் இடைவெளி கூடினாலும், புதிய இடத்தில் கலங்கல் ஊற்று கிளம்பினாலும், பின்கதவு திடீரென இறுகினாலும், மின்கம்பம் சாய்ந்தாலும் எச்சரிக்கைக்குக் காத்திருக்க வேண்டாம். வெளியேறிய பிறகு 1077க்கு அழைத்துச் சொல்லுங்கள். பக்கவாட்டில் விலகிப் போக வேண்டும், சரிவின் கீழ்ப்பக்கம் ஓடக்கூடாது. வீட்டில் முதியவர்கள் இருந்தால், அந்த வழியில் பகலில் ஒருமுறை அவர்களை நடத்திப் பார்த்து, எத்தனை நிமிடம் ஆகிறது என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.