குவாதலூப்புக்கு வேலைக்கு வரும் தம்பிக்கு

தம்பி, லியோனிலிருந்து கரீபியன் கடலில் இருக்கும் இந்தப் பிரெஞ்சுத் தீவான குவாதலூப்புக்குக் கணக்கு ஆசிரியராக வருவது பிரான்சுக்குள்ளேயே ஓர் இடமாற்றம்தானே, தனியாகத் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்கள். காகிதத்தில் அப்படித்தான். அதே பாஸ்போர்ட், அதே யூரோ, அதே பாடத்திட்டம். ஆனால் இங்கே சம்பளமோ, மளிகை விலையோ, வேலைநிறுத்தமோ, எதைத் தொட்டாலும் பேச்சு பழைய கதையில் போய் நிற்கும். நான் காரைக்காலிலிருந்து வந்து பாதி ஆயுளை இங்கே கழித்தவன். அந்தக் கதையையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

1635இல் பிரெஞ்சுக்காரர்கள் குடியேறினார்கள். பிறகு கரும்பு, கரும்புக்காக ஆப்பிரிக்க அடிமைகள். சர்க்கரையில் எவ்வளவு காசு புரண்டது என்றால், 1763 பாரிஸ் உடன்படிக்கையில் கனடாவை ஆங்கிலேயரிடம் விட்டுவிட்டு இந்தச் சின்னத் தீவைத் திருப்பி வாங்கிக்கொண்டது பிரான்ஸ். 1794இல் புரட்சி அரசு அடிமை முறையை ஒழித்தது. அதை அறிவிக்க வந்த அரசுப் பிரதிநிதி விக்தோர் உய்க், தீவைப் பிடித்திருந்த ஆங்கிலேயரை விரட்டினார், தோட்ட முதலாளிகள் பலரைக் கில்லட்டின் என்ற தலைவெட்டும் இயந்திரத்துக்கு அனுப்பினார். பக்கத்துப் பிரெஞ்சுத் தீவான மார்ட்டினிக் அப்போது ஆங்கிலேயர் கையில் இருந்ததால் அங்கே பழைய வெள்ளை முதலாளிக் குடும்பங்கள் தப்பித்துக்கொண்டன. அந்த வித்தியாசம் இன்றைக்கும் தெரியும். இரண்டு தீவும் ஒன்றுதானே என்று மட்டும் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

அந்த விடுதலை சுமார் எட்டு வருடம்தான் நிலைத்தது. 1802இல் நெப்போலியன் படையனுப்பி, குடிமக்களாகிவிட்டவர்களை மறுபடியும் அடிமைகளாக்கினார். பிரெஞ்சுப் படையிலேயே அதிகாரியாக இருந்த லூயி தெல்க்ரேஸ் பணிய மறுத்தார். மே 28 அன்று மத்தூபா மலையில் சுமார் 300 பேருடன் வெடிமருந்துக்குத் தீ வைத்து மாண்டார். அதே கிளர்ச்சியில் இருந்த சொலித்யூத் என்ற பெண் கர்ப்பிணியாகப் பிடிபட்டாள். பிள்ளை பிறக்கும்வரை காத்திருந்து மரண தண்டனையை நிறைவேற்றினார்கள். ஆகவே வகுப்பில் பேச்சுவாக்கில்கூட "பிரான்ஸ் விடுதலை தந்தது" என்று முடித்துவிடாதீர்கள். பின்வரிசையிலிருந்து ஒரு பையன் எழுந்து, "எத்தனை தடவை?" என்று கேட்பான்.

1848இல் அடிமை முறை ஒருவழியாக ஒழிந்தது. விடுதலையானவர்கள் நியாயமான கூலி கேட்டார்கள். கொடுக்க மனமில்லாத முதலாளிகள் பாண்டிச்சேரி, காரைக்கால் பக்கம் திரும்பினார்கள். 1854 டிசம்பரில் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் இந்தியக் கூலிகளை இறக்கியது. 1889 வரை 40,000 பேருக்கு மேல் வந்தார்கள், அதில் நம் ஆட்கள் நிறைய. கறுப்பின மக்களின் கூலியை அமுக்கத்தான் இவர்களை இறக்கினார்கள். அந்தக் கசப்பு கரைய வெகுகாலம் பிடித்தது. அந்த இந்தியர்களுக்கு இங்கேயே பிறந்த பிள்ளைகளுக்குக்கூட அப்போது ஓட்டுரிமை இல்லை. இங்குள்ள கப்பெஸ்தேர் ஊரைச் சேர்ந்த ஆன்ரி சிதம்பரம் அதற்காக 1904இல் தொடங்கிய போராட்டம் 1923இல்தான் வென்றது.

அவர்கள் வழிவந்தவர்களிடம் ராமசாமி, வீரப்பன் என்ற பெயர்களைப் பார்த்ததும் தமிழில் ஆரம்பிக்காதீர்கள். அவர்கள் பேசுவது பிரெஞ்சிலிருந்து பிறந்த தீவு மொழியான கிரியோல். கப்பெஸ்தேரில் இருக்கும் ஷாங்கி இந்துக் கோயிலுக்கு அவசியம் போங்கள். ஆனால் "நம்ம ஊரில் இப்படிச் செய்யமாட்டோமே" என்று பூசாரியிடம் ஆரம்பிக்க வேண்டாம். ஊரிலிருந்து வருகிறவர்கள் பலருக்கு இந்த வியாதி உண்டு.

1946இல் தீவு காலனி நிலை நீங்கி பிரான்சின் ஒரு மாவட்டமானது. சமம் என்றார்கள், சட்டத்தில் வந்த சமம் கூலியில் வரவில்லை. 1967 மே மாதம் இங்குள்ள புவாந்த்-ஆ-பித்ர் நகரில் கட்டடத் தொழிலாளர்கள் இரண்டரை சதவீத உயர்வு கேட்டபோது துப்பாக்கிச் சூடு நடந்தது. செத்தவர்கள் அரசு சொன்ன கணக்கில் 8 பேர். 1985இல் ஓர் அமைச்சரே 87 என்றார். 2009இல் விலைவாசியை எதிர்த்து 44 நாள் தீவே நின்றுபோனது. குறைந்த சம்பளக்காரர்களுக்கு மாதம் 200 யூரோ கூடுதல் கேட்டார்கள். கடைப் பொருளில் பெரும்பகுதி கடல் கடந்து வருகிறது, இறக்குமதி சிலர் கையில் இருக்கிறது, மேலே தீவுக்குள் வரும் பொருளுக்குக் கடல்வரி வேறு. உங்களுக்குப் பரவாயில்லை, அரசு ஊழியருக்கு 40 சதவீதம் கூடுதல் சம்பளம். கடையில் உங்களுக்குப் பின்னால் நிற்பவருக்கு அது இருக்காது. சம்பளத்தைப் பற்றி வாய் திறக்காமல் இருப்பது நல்லது.

சாப்பாட்டு விஷயம் ஒன்று. வாழைத் தோட்டங்களில் 1972 முதல் 1993 வரை குளோர்தெக்கோன் என்ற பூச்சிமருந்தைக் கொட்டினார்கள். பிரான்சில் 1990இலேயே தடை வந்தும் இங்கே சிறப்பு அனுமதியோடு ஓடியது. தீவில் பெரியவர்கள் 90 சதவீதத்துக்கும் மேலானவர்களின் ரத்தத்தில் அது இருக்கிறது. 2023இல் அது பற்றிய வழக்கையும் யார் மீதும் குற்றச்சாட்டு இல்லாமல் மூடிவிட்டார்கள். வேர்க்கிழங்குகள்தான் அதை அதிகம் உறிஞ்சும். சாலையோரத்தில் சேம்பு, சர்க்கரைவள்ளி வாங்கும்போது எந்தப் பக்கத்து மண் என்று கேளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தென்பக்கம், வாழைத் தோட்டப் பகுதியில் தோட்டத்தோடு வீடு கிடைத்தால், மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்த பிறகு விதை போடுங்கள்.