பெரிய ஆர்.சி. (ரேடியோ கண்ட்ரோல்) மாடல் விமானத்தில் மடங்கும் சக்கரம் பொருத்தும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

எலக்ட்ரிக் ரிட்ராக்ட் (சக்கரக் காலை மடக்கி நீட்டும் யூனிட்) வாங்குவதா, காற்றில் இயங்குவதை வாங்குவதா என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டுமே வேலை செய்யும். நீங்கள் முதலில் பார்க்க வேண்டியது, அது உட்காரப்போகிற மரத்தை.

நான் கட்டியது ஐந்தில் ஒரு பங்கு அளவு பி-51 மஸ்டாங். இறக்கை 2.26 மீட்டர், எடை 9 கிலோ. முதல் தடவை பறந்து இறங்கியபோது புல் திட்டு ஒன்றில் சக்கரம் தட்டியது. இடது கால் யூனிட்டோடு பெயர்ந்து வந்துவிட்டது. எடுத்துப் பார்த்தால் நான்கு ஸ்குரூவும் அப்படியே இறுகத்தான் இருந்தன. ஸ்குரூ இறங்கியிருந்த ப்ளைவுட் பலகைதான் பால்சா ரிப்பை (இறக்கைக்கு வடிவம் கொடுக்கும், மெல்லிய மென்மரக் குறுக்குச் சட்டம்) கிழித்துக்கொண்டு வந்திருந்தது. பசை பூசிய விளிம்பு முழுக்கப் பால்சா நார்.

கணக்குப் போட்டால் காரணம் புரியும். கால் நீளம் 20 செ.மீ. புல் அதை 10 கிலோ விசையில் பின்னால் இழுக்கிறது என்று வையுங்கள். முன் ஸ்குரூவுக்கும் பின் ஸ்குரூவுக்கும் இடைவெளி 4 செ.மீ.தான். அப்போது முன் ஸ்குரூ இரண்டையும் சுமார் 50 கிலோ விசை கீழே பிடுங்கும். பால்சா அதைத் தாங்காது.

மறுபடி கட்டும்போது இரண்டு பக்க ரிப்புக்கும் 3 மி.மீ. ப்ளைவுட் ஒட்டி, அதை மெயின் ஸ்பார் (இறக்கையின் நீளவாக்கில் ஓடும் முதுகெலும்புச் சட்டம்) வரை கொண்டுபோனேன். யூனிட் உட்காரும் 6 மி.மீ. பர்ச் ப்ளைவுட் தண்டவாளங்களை அந்த ரிப்புகளில் காடி வெட்டிச் செருகி, மெதுவாக இறுகும் எபாக்ஸி போட்டேன். ஐந்து நிமிட எபாக்ஸியை இந்த இடத்தில் தொடவே தொடாதீர்கள்.

அடுத்தது கோணம். மஸ்டாங்கின் கால் உள்பக்கமாக மடங்கும். இறக்கை நுனியை நோக்கி 5 டிகிரி உயர்வதால், கால் மடங்க வேண்டியது 90 அல்ல, 85 டிகிரி. வாங்கும் முன் உங்கள் வரைபடத்தில் அளந்துவிடுங்கள். வால் சக்கர விமானம் என்றால் முன் சக்கர அச்சு ஈர்ப்பு மையத்துக்கு நன்றாக முன்னால் இருக்க வேண்டும். விமானத்தை மட்டமாக வைத்து, அச்சிலிருந்து ஈர்ப்பு மையத்துக்குக் கோடு இழுத்தால் செங்குத்திலிருந்து 15 முதல் 20 டிகிரி சாய்ந்திருப்பது நல்லது. குறைந்தால் மூக்குக் குத்தும். சக்கரங்கள் ஒன்றிரண்டு டிகிரி உள்பார்த்து இருக்கட்டும். கிரப் ஸ்குரூ (தலையில்லாத சிறு ஸ்குரூ) அமரும் இடத்தில் காலின் கம்பியை அரத்தால் தட்டையாக்காவிட்டால், இந்தக் கோணம் இரண்டாவது லேண்டிங்கிலேயே திரும்பிவிடும்.

இனி உங்கள் கேள்விக்கு. காற்று யூனிட் எளிமையானது, ஆனால் ஓ-ரிங் (காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) காய்ந்தால் கசியும். ஒவ்வொரு முறையும் பறக்கும் முன் பம்ப் அடித்து அழுத்தம் பார்க்க வேண்டும். நான் எலக்ட்ரிக்தான் போட்டிருக்கிறேன். அதில் ஒரு விஷயம்: கால் எங்காவது உரசினால் மோட்டார் இழுக்கும் கரண்ட் ஏறும். கடைசிவரை வந்துவிட்டோம் என்று எண்ணி யூனிட் பாதியிலேயே நின்றுவிடும். ஆகவே சக்கரக் குழியில் டயரைச் சுற்றி 4 மி.மீ. இடைவெளி விடுங்கள். ரிசீவர் பேட்டரியோடு சேர்க்காமல் தனியாக ஒரு 6.6 வோல்ட் பேட்டரி கொடுங்கள். இறக்கையைத் தலைகீழாகப் போட்டுச் சோதிப்பது போதாது. பறக்கும் நிலையில் ஸ்டாண்டில் வைத்து, சக்கரத்தின் முழு எடையையும் தூக்கும்படி ஐம்பது தடவை ஏற்றி இறக்கிப் பாருங்கள்.

இறக்கைக்கு அடிப்பக்க ஷீட் ஒட்டும் முன் ரிப்பும் தண்டவாளமும் தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துக் கருத்துப் பெட்டியில் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன். ஒட்டிய பிறகு அந்த இடத்துக்குள் கை போகாது.