விமானத்தைப் பார்த்துச் சமயம் சொல்ல முடியுமா? – வாசகர் கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலின் விமானம், அதாவது கருவறையும் அதன்மேல் எழும் கட்டடமும், தூங்கானைமாடம்; படுத்த யானையின் முதுகுபோலப் பின்புறம் வளைந்த வடிவம். அதனால் இது ஆதியில் சமணக் கோயில், பிறகு மாற்றிவிட்டார்கள் என்று ஊரில் சிலர் அடித்துச் சொல்கிறார்கள். சுவர்க் கல்வெட்டில் ‘பள்ளிச்சந்தம்’ என்றும் வருகிறது. எப்படி உறுதிசெய்வது?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விமானத்தை வைத்து முடிவுகட்ட முடியாது. மாமல்லபுரத்துச் சகாதேவ ரதம் தூங்கானைமாடம்தான். திருத்தணி வீரட்டானேசுவரர் என்ற சிவன் கோயிலும் அப்படியே. காஞ்சிபுரத்தை ஒட்டிய திருப்பருத்திக்குன்றத்துச் சமணக் கோயிலில் வர்த்தமானர் (மகாவீரர்) சன்னதிக்கும் அதே வடிவம். அங்கே விஜயநகர அமைச்சர் இருகப்பர் 1387இல் எழுப்பிய சங்கீத மண்டபமும் அக்காலச் சைவ, வைணவ மண்டபங்களின் பாணியில்தான் இருக்கிறது. தூணும், தூணின் தலையில் உத்தரத்தைத் தாங்கும் போதிகையும், வளைந்த கூரை விளிம்பான கபோதமும் காலத்தைச் சொல்லும். உள்ளே யார் இருந்தார் என்று சொல்லாது.

மகரதோரணத்தைப் பாருங்கள். கோஷ்டத்துக்கு (சிலை நிற்கும் சுவர் மாடத்துக்கு) மேலே, முதலை போன்ற இரண்டு மகரங்களுக்கு நடுவில் எழும் வளைவுக்குள் சிறு உருவம் ஒன்று இருக்கும். பலரும் அண்ணாந்து பார்ப்பதே இல்லை. கோஷ்டத்துச் சிலை பெரும்பாலும் தனிக்கல், எடுத்து மாற்றிவிடலாம். தோரணம் சுவர்க்கல்லிலேயே செதுக்கியது. மாற்ற நினைத்தால் கொத்தித்தான் எடுக்க வேண்டும், கொத்திய தடம் நிற்கும். ஆடும் சிவனோ உமையோடு அமர்ந்த சிவனோ அங்கே தெரிந்தால், அந்தச் சுவர் சிவனுக்கென்றே எழுந்தது. முக்குடையின் (மூன்றடுக்குக் குடையின்) கீழ் ஆடையின்றித் தியானத்தில் அமர்ந்த உருவமென்றால் சமணம். ஆடை இருந்தால் புத்தரா என்று யோசியுங்கள்.

கோஷ்டத்தைவிடச் சிலை சிறுத்து, இருபுறமும் சிமென்ட் பூசியிருந்தால் அது பின்னால் வைத்தது. அதையும் மதமாற்றம் என்று எழுதிவிடாதீர்கள். களவுபோன சிலைக்குப் பதில் வைத்ததாகவும் இருக்கலாம். நிலைவாசல் கஜலட்சுமி சைவம், சமணம் இரண்டுக்கும் பொது.

பள்ளிச்சந்தம் என்பது சமண, பௌத்தப் பள்ளிகளுக்கு விட்ட நிலம். ஆனால் நில எல்லை சொல்லும் இடத்தில் ‘பள்ளிச்சந்தத்துக்கு மேற்கு’ என்ற மாதிரி வந்தால், பக்கத்தில் அப்படியொரு நிலம் இருந்தது என்று மட்டுமே பொருள். கொடையைப் பெறுவது யார் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். வாசகம் அடுத்த கல்லில் தொடராமல் அறுந்தால், திருப்பணியில் கற்கள் இடம் மாறியிருக்கும், அல்லது வேறு கட்டடத்திலிருந்து வந்திருக்கும். அந்தத் துண்டுக் கல்லைக் கொண்டு கோயிலின் பூர்வீகத்தை நிறுவக் கூடாது.

மாறிய தலங்கள் உண்டு. குமரி மாவட்டச் சிதறாலில் இன்று பகவதி வழிபாடு. பாறையில் சமண அருகர்களான தீர்த்தங்கரர்கள் முக்குடையோடு அப்படியே இருக்கிறார்கள். கழுகுமலையோ வேறு. ஒரே குன்றில் பாண்டியர் குடைந்த வெட்டுவான் கோயில் என்ற சிவன் கோயில், சற்றுத் தள்ளிச் சமணச் சிற்ப வரிசை. எதையும் எதுவும் விழுங்கவில்லை. சமணத்தின் தடம் கண்ட இடமெல்லாம் பறிப்பு என்று கொள்வது அந்த மலைக்கே அநியாயம்.

தோரணத்தைச் சாய்வெயில் விழும் நேரத்தில் படமெடுத்து அனுப்புங்கள். சுண்ணாம்பு அப்பியிருந்தால் சுரண்டாதீர்கள். எழுத்துத் தெரியட்டும் என்று மாவோ எண்ணெயோ தடவவும் வேண்டாம். பக்கவாட்டில் டார்ச் அடித்தாலே கோடுகள் எழும்பித் தெரியும்.